செல்போனில் படிப்பா? சேர்ந்திருந்து படிப்பா?

நம் மஹல்லாக்களில் இன்று ஒரு விவாதம் நடந்து கொண்டிருக்கிறது. பிளஸ் டூ முடித்த மகனை வைத்துக் கொண்டும், பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடும் மகளை வைத்துக் கொண்டும் பெற்றோர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "எல்லாப் படிப்பும் செல்போனிலேயே வந்துவிட்டது, பிறகு எதற்குப் பஸ் ஏறிப் போய் பீஸ் கட்டிப் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறது ஓர் அணி. "செல்போனில் படிப்பதெல்லாம் ஒரு படிப்பா? ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து படித்தால்தான் படிப்பு" என்கிறது இன்னோர் அணி.

வணிகச் சகோதரர்களிடமும் இதே பேச்சுதான். ஜி.எஸ்.டி. கணக்கைக் கற்றுக் கொள்ள வேண்டும், வெளியூர் வியாபாரத்துக்கு இங்கிலீஷ் பேச வேண்டும், ஆன்லைனில் பொருள் விற்க வேண்டும். இதையெல்லாம் வீடியோ பார்த்தே கற்றுக் கொள்ளலாம் என்கிறார் ஒருவர். பார்த்தேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை என்கிறார் அடுத்தவர்.

இரண்டு அணியும் பாதி உண்மையைப் பேசுகின்றன. மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை. தொழில் திறமையும், மனிதர்களோடு பழகும் திறமையும் ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வருகின்றன என்பதே அந்த மீதிப் பாதி. அதைப் பற்றித்தான் இந்த இதழில் நாம் பேச இருக்கிறோம்.

இது ஏன் நம் பிரச்சினை?

2006ல் வெளியான சச்சார் கமிட்டி அறிக்கை ஒன்றைச் சுட்டிக் காட்டியது. உழைக்கும் முஸ்லிம்களில் 61 சதவீதம் பேர் சுயதொழில் செய்கிறவர்கள். கடை, கைத்தொழில், சிறு வியாபாரம் என்று தங்கள் காலிலேயே நிற்கிறவர்கள். அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. இந்திய அளவில் 20 வயதைத் தாண்டிய முஸ்லிம்களில் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டு முஸ்லிம்களின் நிலை இதைவிட நல்ல நிலைதான். ஆனாலும் முழு நிம்மதி அடைவதற்கு இடமில்லை.

2007ல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைத்தது. பல்லாண்டுக் கோரிக்கையின் பலன் அது. அதன் மூலம் கல்லூரியில் இடம் கிடைக்கும். அரசுப் பணியில் பங்கு கிடைக்கும். ஆனால் தனியார் கம்பெனியின் நேர்முகத் தேர்வில் இட ஒதுக்கீடு கிடையாது. அங்கே எட்டுப் பேரை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து ஒரு விஷயத்தைக் கொடுத்துப் பேசச் சொல்கிறார்கள். யார் தெளிவாகப் பேசுகிறான், யார் அடுத்தவன் பேசும்போது காது கொடுக்கிறான், யார் கோபப்படாமல் மறுக்கிறான் என்று பார்க்கிறார்கள். நம் பிள்ளை அங்கே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், அவன் பையில் பத்துச் சான்றிதழ் இருந்தும் என்ன பயன்?

கடையிலும் இதே நிலைதான். சரக்கு நல்ல சரக்கு, விலையும் நியாயம். ஆனாலும் வாடிக்கையாளரிடம் பேசத் தெரியாத கடையில் கூட்டம் நிற்காது. இட ஒதுக்கீட்டுக்காகக் குரல் கொடுத்த சமுதாயம், கிடைத்த இடத்தில் நிலைத்து நிற்பதற்கான தயாரிப்பையும் செய்தாக வேண்டும்.

ஆன்லைன் திறந்து விட்ட கதவு

முதலில் ஆன்லைன் படிப்புக்கு உரிய நியாயத்தை வழங்கிவிட வேண்டும்.

ஒரு காலத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியரின் பாடத்தைக் கேட்க வேண்டுமானால் ஐ.ஐ.டி.க்குள் நுழைய வேண்டும். இன்று என்.பி.டெல். பாடங்களைத் தேவகோட்டையில் உட்கார்ந்து காசில்லாமல் கேட்கலாம். 2017ல் மத்திய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியது. 2020ல் சென்னை ஐ.ஐ.டி. டேட்டா சயின்ஸ் பாடத்தில் ஆன்லைன் படிப்பைத் தொடங்கியது. ஜே.இ.இ. எழுதாதவரும் நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் அதில் சேரலாம். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், கல்லூரி மாணவர்களுக்குத் தொழில் திறன் பாடங்களைக் கொண்டு வந்தது. அவற்றில் ஆன்லைன் பாடங்களும் உண்டு.

பகலெல்லாம் கடையில் நிற்கும் வியாபாரி, ஷட்டரை இறக்கிய பிறகு இரவு பத்து மணிக்குப் பாடம் கேட்கலாம். புரியாத இடத்தைப் பத்து முறை திருப்பிப் போட்டுக் கேட்கலாம். ஆசிரியர் கோபித்துக் கொள்ள மாட்டார். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் சகோதரர்கள், ஊரிலிருக்கும் தம்பியோடு ஒரே பாடத்தில் சேரலாம். நாலு பேர் முன்னால் கேள்வி கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, எழுத்தில் தைரியமாகக் கேட்கும். சொன்னதும் எழுதியதும் அழியாமல் கிடக்கும். மறந்தால் திரும்பிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இன்றைக்குப் பல கம்பெனிகளில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் லண்டனில், ஒருவர் மதுரையில் என்று இருந்து கொண்டு சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். திரை வழியாகப் பேசுவதும், சுருக்கமாக எழுதுவதும், சொன்ன நேரத்துக்கு வேலையை அனுப்புவதும் அங்கே ஒரு தொழில் திறமை. ஆன்லைனில் கூட்டாகப் படித்துப் பழகியவனுக்கு அது எளிதில் வரும்.

ஆகவே ஆன்லைன் படிப்பை ஏளனம் செய்கிறவர்கள், கிடைத்திருக்கும் ஒரு வாய்ப்பை உதைத்துத் தள்ளுகிறார்கள்.

நொண்டுவது எங்கே?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய தளத்தில், அவ்விரு நிறுவனங்களும் 2012 முதல் 2018 வரை நடத்திய ஆன்லைன் பாடங்களை ஆய்வாளர்கள் அலசினார்கள். அந்த ஆய்வு 2019ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. 2017-18ஆம் ஆண்டில் பாடத்தில் பெயர் பதிந்தவர்களில் அதை முடித்தவர்கள் 100க்கு சுமார் 3 பேர்! காசு கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களை மட்டும் எடுத்துக் கொண்டால் 46 பேர் முடித்திருக்கிறார்கள்.

இதன் பொருள் என்ன? பாடம் மோசமா? உலகத்தின் தலைசிறந்த பேராசிரியர்கள் நடத்திய பாடங்கள் அவை. படிப்பில் ஏதாவது ஒரு கட்டு இருந்தவர்கள் நின்றார்கள். கட்டு இல்லாதவர்கள் நழுவி விட்டார்கள். "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒரு ஆள் இல்லாத படிப்பு பாதியில் நிற்கிறது.

சேர்ந்து யோசிப்பதைப் பற்றி ஓர் ஆய்வு 2022ல் 'நேச்சர்' இதழில் வந்தது. 602 பேரை இருவர் இருவராகப் பிரித்தார்கள். சில ஜோடிகள் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்தன. மற்ற ஜோடிகள் வீடியோ வழியே பேசின. ஒரு பொருளைக் கொடுத்து, இதைப் புதிய வகையில் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். நேரில் இருந்தவர்களுக்கு யோசனை அதிகம் வந்தது. வீடியோவில் இருந்தவர்களுக்குக் குறைவாக வந்தது. கண் திரையிலேயே குத்தி நிற்பதால் சிந்தனையும் குறுகிப் போகிறது என்று ஆய்வாளர்கள் காரணம் சொன்னார்கள். ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் வீடியோ ஜோடிகள் பின்தங்கவில்லை.

இந்த இரண்டாவது செய்தியையும் நாம் கவனிக்க வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்ந்து உருவாக்க நேரில் கூடுவது நல்லது. இருப்பதில் ஒன்றைப் பொறுக்க, கணக்குப் பார்க்க, முடிவெடுக்கத் திரை போதும். எந்த வேலைக்கு எது என்று தெரிந்து பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

வசதிக் குறைவை மறந்துவிடக் கூடாது. 2017-18ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் 10.7 சதவீதம், இணைய வசதி இருந்த வீடுகள் 23.8 சதவீதம். இதற்குப் பிறகு செல்போனும் டேட்டாவும் பெருகி விட்டன என்பது உண்மை. ஆனால் நாலு பிள்ளைகளுக்கு ஒரு செல்போன் என்றிருக்கும் வீடு இன்றும் நம் தெருவில் இருக்கிறது. அந்த ஒரு செல்போனும் பெரும்பாலும் மகன் கையில்தான் இருக்கிறது.

செட்டிநாடு கற்றுத் தந்த பாடம்

இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தச் செட்டிநாட்டு மண்ணே விடை சொல்கிறது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று இந்த ஊர்களிலிருந்து புறப்பட்ட நகரத்தார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக் கடைகள் வைத்துக் கோலோச்சினார்கள். வட்டித் தொழிலைப் பற்றி நம் மார்க்கத்தின் நிலை எல்லோரும் அறிந்தது. அதை நாம் இங்கே பேச வரவில்லை. அவர்கள் ஆட்களைப் பழக்கிய முறையைத்தான் பார்க்கச் சொல்கிறோம்.

சிறுவனாக இருக்கும்போதே கடைக்கு அனுப்பி விடுவார்கள். 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். கணக்கெழுதும் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்து கொண்டே, பெரியவர்கள் பேசுவதைக் கேட்பான், கணக்கைப் பார்ப்பான். பிறகு 'அடுத்தாள்' ஆவான். அதன் பிறகுதான் கடையைப் பொறுப்பேற்று நடத்தும் ஏஜெண்ட். ஏஜெண்ட் வேலை பொதுவாக மூன்று வருடக் கணக்கு. யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம், யாருடைய பேச்சில் நெளிவு இருக்கிறது, அந்நிய மொழி பேசுகிறவனிடம் எப்படிப் பழகுவது என்பதையெல்லாம் எந்தப் புத்தகமும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக் கொண்டான்.

இதில் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்களும் தூரத்திலிருந்துதான் தொழிலை நடத்தினார்கள்! முதலாளி காரைக்குடியில், கடை ரங்கூனில். நடுவில் கடல். கடிதமும் கணக்கு நகலும்தான் போய் வந்தன. அந்தக் காலத்து ஆன்லைன் அதுதான் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்து வெற்றி பெற்றதற்குக் காரணம், கடிதம் எழுதிய இருவரும் ஒரே பழக்கத்தில், ஒரே கணக்கு முறையில், நேரில் பயின்றவர்கள் என்பதே. நம்பிக்கை நேரில் உண்டானது. கடிதம் அதைத் தூரத்துக்குச் சுமந்து சென்றது.

நம் சமுதாய வணிகர்களும் இதே வழியில் வந்தவர்களே. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் கடை நடத்தியவர்கள், மச்சான் மகனையும் தம்பி மகனையும் கடையில் நிறுத்தி, விளக்குமாறு கொடுத்து, பிறகு தராசு கொடுத்து, கடைசியில்தான் கல்லாச் சாவியைக் கொடுத்தார்கள்.

இன்றைக்கும் நிலைமை மாறிவிடவில்லை. ஆடிட்டர் படிப்பை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்கான வகுப்புகள் ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனாலும் ஓர் ஆடிட்டரின் அலுவலகத்தில் உட்கார்ந்து பயிற்சி பெறாமல் யாரும் ஆடிட்டர் ஆக முடியாது. மூன்று வருடமாக இருந்த அந்தப் பயிற்சியை 2023ல் இரண்டு வருடமாகக் குறைத்தார்கள். ஒரேயடியாக எடுத்து விடவில்லை. ஏன்? தொழில் என்பது பாடத்தில் பாதி, பழக்கத்தில் பாதி என்று அவர்களுக்குத் தெரியும்.

மதரஸாவில் இருக்கும் முறை

நம் அரபிக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு 'தக்ரார்' என்ற வார்த்தை தெரிந்திருக்கும். உஸ்தாது காலையில் பாடம் நடத்துவார். மாலையிலோ இரவிலோ மாணவர்கள் சிறு சிறு வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் அன்றைய பாடத்தை உஸ்தாது போலவே திருப்பி நடத்துவார். மற்றவர்கள் இடைமறிப்பார்கள். "இந்த இடத்தில் உஸ்தாது அப்படிச் சொல்லவில்லையே" என்பார் ஒருவர். வாதம் நடக்கும். தீராத சந்தேகத்தை மறுநாள் உஸ்தாதிடமே கொண்டு போவார்கள்.

இந்த வட்டத்தில் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சொல்லிக் கொடுக்கிறவனுக்குப் பாடம் இரண்டு மடங்கு பதிகிறது. கேட்கிறவனுக்குத் தன் வயதுக்காரனின் எளிய மொழியில் விளக்கம் கிடைக்கிறது. எல்லோரும் எதிர்க்கருத்தைப் பொறுமையோடு கேட்கப் பழகுகிறார்கள். ஜும்ஆ மேடையில் ஆயிரம் பேர் முன்னால் தயங்காமல் பேசுகிற ஆலிம்களுக்கு அந்தத் தைரியம் திடீரென்று வந்ததல்ல. நாலு பேர் வட்டத்தில் தடுமாறித் தடுமாறி வந்தது.

இந்த முறையை நாம் மார்க்கக் கல்விக்கு மட்டும் ஒதுக்கி வைத்து விட்டோம். கம்ப்யூட்டர் பாடத்துக்கும், கணக்குப் பாடத்துக்கும், ஆங்கிலத்துக்கும் ஏன் இதைப் பயன்படுத்தக் கூடாது?

கூடி உட்கார்ந்தால் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. நேரில் கூடினாலே கூட்டுக் கல்வி ஆகிவிடாது. அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் பேசுவதை வாய் மூடிக் கேட்பதும் நேர்வகுப்புதான். அதில் பேசும் திறமையும் பழகும் திறமையும் எங்கிருந்து வரும்? அதே போல் இருநூறு பேர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பாடத்தைப் போட, மற்றவர்கள் கட்டை விரலைக் காட்டி விட்டுப் போவதும் கூட்டுக் கல்வி அல்ல. ஆளுக்கு ஒரு பொறுப்பு, ஒருவன் செய்யாவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம் என்ற கட்டு, கடைசியில் "நாம் சரியாகச் சேர்ந்து வேலை பார்த்தோமா?" என்ற பரிசீலனை. இவை இருந்தால் ஆன்லைன் குழுவும் பயன் தரும். இவை இல்லாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பயன் இல்லை.

இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. 1971ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், அதுவரை தனித்தனியாகப் படித்து வந்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். வகுப்பறையில் பகைமை வெடித்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியரை அழைத்தார்கள். அவர் பிள்ளைகளை ஐந்தாறு பேராக, எல்லா இனமும் கலந்து பிரித்தார். ஒரு பாடத்தை ஆறு துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒரே துண்டு கிடைத்த பிள்ளைகள் முதலில் ஒன்று கூடி அதை நன்றாகத் தெரிந்து கொள்வார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பரீட்சையோ முழுப் பாடத்திலும்! தான் வெறுத்த பையன் வாயிலிருந்துதான் மீதிப் பாடம் வர வேண்டும் என்றானதும், கேலி செய்தவன் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தான். சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. பிள்ளைகளுக்குள் இருந்த வெறுப்பும் குறைந்தது.

சகோதரர்களே! இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். செட்டிநாட்டுச் சந்தைகளில் எல்லாச் சமூகத்தாரும் அண்ணன் தம்பியாக, மாமன் மச்சானாக முறை வைத்துப் பேசிக் கொள்கிறவர்கள். அந்த உறவு பள்ளிக்கூட பெஞ்சில், கடைத் தெருவில், டியூஷன் வாசலில் முளைத்த உறவு. நம் பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனோடு ஆளுக்கொரு அறையில் அடைந்து விட்டால், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி அவர்கள் தெரிந்து கொள்வதெல்லாம் எவனோ எங்கிருந்தோ அனுப்பும் வதந்தி வழியாகத்தான் இருக்கும். நம்மைப் பற்றி அவர்கள் தெரிந்து கொள்வதும் அப்படித்தான் இருக்கும். ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டவனைப் பற்றி யார் வந்து என்ன புரளி சொன்னாலும் மனம் எளிதில் நம்பாது.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்து விடுதலை பெற்றதை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. நேற்றுப் போர்க்களத்தில் வாள் தூக்கியவரிடமே பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் செய்த வரலாறு நம்முடையது. அப்படியிருக்க, அண்டை வீட்டாரோடு சேர்ந்து படிக்க என்ன தயக்கம்?

பெண் பிள்ளைகளுக்கு அநீதி வேண்டாம்

ஆன்லைன் படிப்பால் அதிகப் பலன் அடைந்தவர்கள் நம் பெண்கள். திருமணமாகிக் குழந்தையோடு இருக்கும் சகோதரி, விட்ட படிப்பைத் தொடர்கிறார். இது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் இதே ஆன்லைனைச் சாக்காக வைத்து, "எல்லாம் செல்போனில் இருக்கிறது, நீ கல்லூரிக்குப் போக வேண்டாம்" என்று பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தும் போக்கு ஆங்காங்கே தலைகாட்டுகிறது. மகனுக்குக் கல்லூரி, மகளுக்குச் செல்போன் என்றால் அது நியாயமா? வாய்ப்பில்லாதவருக்கு வாய்ப்பாக வந்த ஒன்றை, வாய்ப்புள்ளவரின் வாய்ப்பைப் பறிக்கப் பயன்படுத்தலாமா? தோழிகளோடு சேர்ந்து படிப்பதும், சபையில் எழுந்து பேசுவதும், நாலு மனிதர்களை எடைபோடத் தெரிவதும் பெண்ணுக்கும் தேவைதான். நாளை அவள்தான் ஒரு குடும்பத்தை நடத்தப் போகிறாள். பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியையாக இருக்கப் போகிறாள். எத்தனையோ பேர் அலுவலகத்தையும் நடத்தப் போகிறார்கள். பாதுகாப்பு வேண்டும் என்றால் பஸ் வசதிக்கும், மகளிர் விடுதிக்கும் போராடுவோம். கதவைச் சாத்துவது பாதுகாப்பு ஆகாது.

செய்ய வேண்டியது என்ன?

நம் முன்னோர்கள் 1951ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியையும், சென்னையில் நியூ காலேஜையும் எழுப்பினார்கள். 1970ல் நம் மாவட்டத்து இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி எழுந்தது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 1947ல் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். பிள்ளைகள் ஒன்று கூடிப் படிக்க இடம் வேண்டும் என்பதற்காகச் செல்வத்தைக் கொட்டியவர்கள் அவர்கள்.

இன்று நாம் செய்ய வேண்டிய காரியத்துக்கு அவ்வளவு பணம் தேவையில்லை. ஓர் அறை, ஒரு திரை, ஒரு இணைய இணைப்பு போதும். பேராசிரியர் ஆன்லைனில் இலவசமாக வருகிறார். அவரைச் சுற்றி வட்டத்தைக் கூட்டுவதுதான் நம் வேலை. 2020ல் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. அந்தந்தத் தெருவின் தன்னார்வலர்களே மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். செல்போனால் ஈடுகட்ட முடியாததைத் தெரு ஈடுகட்ட முடியும் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி.

நம் யோசனைகள் இவை:

1. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட படிப்பு வட்டங்களை அமைக்க வேண்டும். ஒரு வட்டத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம். டேலி கணக்கு, ஜி.எஸ்.டி., ஆங்கிலப் பேச்சு, கம்ப்யூட்டர், போட்டித் தேர்வு என்று தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம்.

2. பாடத்தை அவரவர் வீட்டில், அவரவர் நேரத்தில் கேட்டுவிட வேண்டும். வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நேரில் கூட வேண்டும். அங்கே வீடியோ போடக் கூடாது. ஒருவர் பாடத்தைத் திருப்பி நடத்த வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். வாரத்துக்கு ஒருவர் என்று முறை சுற்றி வர வேண்டும். எப்போதும் நன்றாகப் பேசுகிறவரையே பேச விட்டால் மற்றவர்கள் ஊமையாகவே இருப்பார்கள்.

3. இடைப்பட்ட நாட்களில் சந்தேகங்களுக்கு வாட்ஸ்அப் குழுவைப் பயன்படுத்தலாம். பாடம் தவிர வேறு எதையும் அதில் அனுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு வேண்டும்.

4. வணிகச் சகோதரர்கள் மாதம் ஒரு மாலையை ஒதுக்க வேண்டும். கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது, கடன் கேட்பவரிடம் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்பதை இளைஞர்களை வைத்து நடித்துக் காட்டிப் பழக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் வீடியோ வழியே மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தலாம்.

5. பெண்களுக்குத் தனி வட்டங்கள், அவர்களுக்கு வசதியான நேரத்தில், அவர்களுடைய பொறுப்பிலேயே நடக்க வேண்டும்.

6. பள்ளிவாசல் வளாகமோ, மதரஸா அறையோ, மண்டபமோ, இடம் எதுவானாலும் அக்கம்பக்கத்து மாற்று மத நண்பர்களுக்கும் அங்கே பாய் விரிக்கப்பட வேண்டும். அவர்களிடம் இருக்கும் திறமையை நாம் கற்றுக் கொள்வோம். நம்மிடம் இருப்பதைக் கொடுப்போம்.

7. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டத்தில் உள்ளவர்கள் பரிசீலனை செய்ய வேண்டும். எத்தனை பேர் பாடத்தை முடித்தார்கள்? யார் விலகினார்? ஏன் விலகினார்? விலகியவர் வீட்டுக்கு இருவர் போய்ப் பார்த்து வர வேண்டும். எந்தச் செல்போனாலும் செய்ய முடியாத வேலை இதுதான்.

இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பெரிய மாநாடு கூட்ட வேண்டியதில்லை. போஸ்டர் ஒட்ட வேண்டியதில்லை. நாலு இளைஞர்களும், அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்க மனமுள்ள ஒரு வியாபாரியும் இருந்தால் போதும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளிவாசலுக்குப் பளிங்குக் கல் பதிக்க வசூல் செய்கிறோம், செய்வோம். அதோடு ஓர் அறையை இந்தப் பிள்ளைகளுக்காகத் திறந்து விடுங்கள்.

இளைஞர்களே! உங்கள் கையிலிருக்கும் செல்போனில் உலகத்தின் சிறந்த ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் பாடத்தைக் கேளுங்கள். கேட்ட பாடத்தோடு வீட்டை விட்டு வெளியே வாருங்கள். அடுத்த தெருவில் அதே பாடத்தைத் தனியாக உட்கார்ந்து கேட்டு, புரியாமல் பாதியில் விட்டுவிட நினைக்கும் ஒரு பையன் இருப்பான். அவனைத் தேடிப் பிடியுங்கள். இந்த வாரமே முதல் வட்டத்தைக் கூட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், ஓராண்டுக்குள் அதன் பலனை நம் ஊர்கள் கண்ணால் பார்க்கும்.